வராதவர்களின் கணக்கு

2019 மே மாதம் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 37,802 பேர். அதற்கு முந்தைய ஆண்டின் மே மாதத்தோடு ஒப்பிட்டால் எழுபது சதவீதத்துக்கும் மேலான சரிவு. அந்த மாதம் வராமல் போனவர்களில் நானும் ஒருத்தி. சென்னையிலிருந்து கொழும்புக்கு எடுத்த டிக்கெட்டின் அச்சுப்படி இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதன் பின்பக்கத்தில் ஏதோ ஒரு வகுப்புக்கான குறிப்பைக் கிறுக்கி வைத்திருக்கிறேன்.

மே நடுவில் மட்டக்களப்பில் பெண் எழுத்தாளர்களின் இரண்டு நாள் சந்திப்பு ஒன்று நடப்பதாக இருந்தது. வெளிநாடு போக தடையில்லாச் சான்று வேண்டும். அதற்காகவே இரண்டு மாதம் அலுவலகப் படி ஏறி இறங்கியிருந்தேன். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கொழும்பில் ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று பெரிய ஹோட்டல்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். இறந்தவர்கள் 250 பேருக்கும் மேல். அவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டவர்.

சந்திப்பைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் காத்தான்குடியில் எனக்கு ஒரு தோழி இருக்கிறார். கவிஞர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு குரல்செய்தி அனுப்பினார். "கூட்டம் இல்லாட்டியும் நீங்க வாங்க தங்கச்சி. எங்கட வீட்டுல நிக்கலாம்." தாக்குதலை நடத்திய கூட்டத்தின் தலைவன் காத்தான்குடிக்காரன் என்று உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அந்த ஊர்ப் பெயரைத் தப்புத்தப்பாக உச்சரித்துக்கொண்டிருந்த வாரம் அது. அந்த வாரத்தில் யாராவது ஒருவர் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது என்று அன்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். நான் போகவில்லை.

போகாமல் இருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது. அத்தியாவசியமற்ற பயணங்களைத் தவிர்க்கும்படி இந்திய அரசு ஏப்ரல் கடைசியில் அறிவுறுத்தியது. பிரிட்டன் உட்படப் பல நாடுகளும் இதே போன்ற எச்சரிக்கையை வெளியிட்டன. அத்தியாவசியம் என்ற அந்தச் சொல்லை அன்று நன்றியோடு பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் அது எனக்குப் பழக்கமான சொல் என்று உறைத்தது.

எங்கள் ஊர் தூத்துக்குடி. நான் எங்கே கிளம்பினாலும் அம்மா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அவசியம் போகணுமாக்கும்?" கல்லூரி அவசியம். ஆஸ்பத்திரி அவசியம். கல்யாண வீடு, சாவு வீடு, கோயில் எல்லாம் அவசியம். ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்க்க, சும்மா உட்கார்ந்து பேச, கடல் பார்க்க, ஒரு ஊர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போவது அவசியமல்ல. அதற்குப் பெயர் ஊர்சுத்தல். வியாபாரத்துக்குப் போகிறவரின் பயணத்தை எந்த அரசும் அத்தியாவசியம் என்று ஒத்துக்கொள்ளும். துக்கத்தில் இருக்கும் தோழியின் பக்கத்தில் உட்காரப் போவதை என்னவென்று எழுதுவது? வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுவதற்கு முன்பே எங்கள் வீடுகளில் பயண எச்சரிக்கை நிரந்தரமாக அமலில் இருக்கிறது. தாக்குதல் நடக்கும்போது அதற்கு அரசு முத்திரையும் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆச்சி என்னைவிடக் கொடுத்துவைத்தவள். கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த அண்ணனைப் பார்க்க, அறுபதுகளின் தொடக்கத்தில் கைக்குழந்தையோடு தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் இறங்கி, மறுபடி ரயில் ஏறிப் போய்வந்தவள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலை எண்பதுகளில் போர் நிறுத்தியது. ஆச்சிக்கு அது வெளிநாடு என்றே தோன்றியதில்லை. எனக்கு அது விசா, தடையில்லாச் சான்று, பயண எச்சரிக்கை என்றாகிவிட்டது.

போகாமல் விட்ட குற்றவுணர்ச்சியை நான் வழக்கமாகத் தீர்த்துக்கொள்ளும் முறை, படிப்பது. அந்தக் கோடையில் இலங்கைச் சுற்றுலாத் துறையின் பழைய ஆண்டுப் புள்ளிவிவரங்களைத் தேடித் தேடிப் படித்தேன். இலக்கியம் படித்தவளுக்கு எண்கள் எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் கேலி செய்தார். எண்களுக்கும் சொல்லாமல் விடுவதில் ஒரு கலை இருக்கிறது என்று அந்தப் பட்டியல்களில்தான் கண்டுகொண்டேன்.

சுற்றுலாச் சபை தொடங்கப்பட்ட 1966இல் அந்தத் தீவுக்கு வந்த பயணிகள் 18,969 பேர். 1982இல் 4,07,230 பேர். பதினாறு ஆண்டுகளில் இருபது மடங்குக்கு மேல். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அடுத்துப் போர். 1986 மே மாதம் கட்டுநாயக்காவில் மாலத்தீவுக்குப் புறப்படவிருந்த ஏர் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகள். பழி விடுதலைப் புலிகள் மீது விழுந்தது. 1987இல் வருகை 1,82,620. பாதிக்கும் கீழே.

இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். குண்டு வெடித்தால் பயணி வரமாட்டார், இதைச் சொல்ல ஆண்டறிக்கை தேவையில்லை. என்னை நிறுத்திய வரி 1990. அதற்கு முந்தைய ஆண்டு 1,84,732 ஆக இருந்த வருகை அந்த ஆண்டு 2,97,888 ஆகிறது. ஒரே வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல்.

1990இல் என்ன நடந்தது? ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரம். கிழக்கில் ராணுவம் தமிழ் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனது, பலர் திரும்பவில்லை. இத்தனையும் நடந்த வருடத்தில் பயணிகள் பெருகினார்கள். காரணம் எளிது. தெற்கில் ஜேவிபி கிளர்ச்சி 1989 இறுதியில் ரத்தத்தில் நசுக்கப்பட்டுவிட்டது. பெந்தோட்டையும் ஹிக்கடுவையும் அமைதியாகிவிட்டன. பயணிக்குத் தேவைப்பட்டது நாட்டின் அமைதி அல்ல, கடற்கரையின் அமைதி. நீர்கொழும்பிலிருந்து காலி வரையிலான ஒரு பட்டையை வெட்டி எடுத்து, அதற்கு இலங்கை என்று பெயரிட்டு விற்க முடிந்தது. பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் இருந்த ஹோட்டல்கள் பாழடைந்தன. வரைபடத்தின் மற்ற பாதியை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

மடித்து வைத்த பக்கத்திலும் ஜனங்கள் பயணம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடக்க வேண்டும். கடற்படை சுடும். 1993 ஜனவரியில் அப்படிக் கடந்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். பிரசவத்துக்குப் போகிறவள், கொழும்பில் வெளிநாட்டு விசாவுக்கு நேர்காணல் இருக்கிறவள், மகனைத் தேடிப் போகிறவள் எல்லாரும் அந்தப் படகில் ஏறினார்கள். பயணத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆராய்ச்சிகளில் பெண்களுக்கு அச்சம் அதிகம் என்று சில முடிவுகள் உண்டு; அப்படி வித்தியாசம் ஒன்றுமில்லை என்று வேறு சிலவும் உண்டு. வீட்டிலேயே இருந்துகொள்ளும் வசதி உள்ளவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கிய பதில்கள் அவை. கிளாலிப் படகில் யாரும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை.

1996க்கு வருகிறேன். இந்த வருடத்தைப் பற்றி எழுதாமல் போக முடியுமா என்று இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 1995இல் 4,03,101 ஆக இருந்த வருகை 1996இல் 3,02,265 ஆகச் சரிந்தது. ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கி மீது குண்டு லாரி மோதியது. ஜூலையில் தெகிவளை ரயிலில் குண்டு. இரண்டும் புலிகள் செய்தவை. சரிவுக்கு அந்தக் குண்டுகள் போதுமான காரணம். அதே ஆண்டு செப்டம்பரில், யாழ்ப்பாணத்தில் வேதியியல் தேர்வு எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவியைச் செம்மணிச் சோதனைச்சாவடியில் ராணுவத்தினர் நிறுத்தினார்கள். கூட்டு வன்புணர்வு செய்து கொன்றார்கள். அவளைத் தேடிப்போன தாய், தம்பி, அயல்வீட்டுக்காரர் மூவரையும் கொன்று புதைத்தார்கள். 1998இல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு, பட்டப்பகலில், சைக்கிளில் போவதைவிட அத்தியாவசியமான பயணம் எது?

செம்மணிக்காக எந்தப் பயண முகவரும் முன்பதிவை ரத்து செய்திருக்க மாட்டார். ஏனென்றால் சுற்றுலாவும் பயங்கரவாதமும் என்று எழுதப்படும் எழுத்துகளில் பயங்கரவாதம் என்பது சீருடை போடாதவர்கள் செய்வது மட்டும்தான். 1979இலிருந்து இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. எது பயங்கரவாதம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அதை வைத்திருப்பவர்களிடம். தமிழ் வகுப்பில் சொற்பிரிப்பு சொல்லித்தருகிறவள் நான். இந்தச் சொல்லுக்குள் பயம் இருக்கிறது. யாருடைய பயம் என்பது அதற்குள் இல்லை. புலிகள் கொன்றதைச் சொல்லத் தயங்குகிற தமிழர்களும் ராணுவம் கொன்றதைச் சொல்லத் தயங்குகிற அரசும் அந்த வசதியை ஆளுக்கொரு பக்கம் பயன்படுத்திக்கொண்டார்கள்.

2001 ஜூலையில் புலிகள் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாக்கினார்கள். போர்விமானங்களோடு பயணிகள் விமானங்களும் எரிந்தன. அந்தத் தீவுக்கு வரும் கப்பலுக்கும் விமானத்துக்கும் போர் ஆபத்துக் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. அடுத்த பிப்ரவரியிலேயே போர்நிறுத்த ஒப்பந்தம் வந்ததற்குப் பல காரணங்கள். பொருளாதாரத்தின் மீது விழுந்த அந்த அடியும் அதில் ஒன்று என்று நினைக்கிறேன். ஏ9 சாலை திறந்தது. 2003இல் வருகை முதன்முறையாக ஐந்து லட்சத்தைத் தொட்டது. 2006இல் சாலை மறுபடி அடைபட்டது.

போர் முடிந்த பின் நடந்தது இன்னும் விசித்திரம். பயணிகளை விரட்டிய அதே பயங்கரவாதம் இப்போது பார்க்கும் பொருளாகியது. கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த ராட்சதத் தண்ணீர்த் தொட்டியைக் காட்சிப்பொருளாக்கி, பக்கத்தில் நினைவுப்பொருள் கடை வைத்தார்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் புலிகளின் பதுங்குகுழியையும் கடற்புலிகளின் நீர்மூழ்கிப் படகுகளையும் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். காங்கேசன்துறையில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் ராணுவமே கடற்கரை விடுதி நடத்தியது. அந்த வலயத்துக்காக 1990இல் வீட்டை விட்டு எழும்பிய குடும்பங்கள் அப்போதும் முகாம்களில் இருந்தன. தன் கிணற்றையும் முருங்கை மரத்தையும் பார்க்க அனுமதி இல்லாத பெண்ணின் ஊரில், பணம் கட்டினால் அறை கிடைத்தது. 2017இல் கேப்பாப்பிலவுப் பெண்கள் விமானப்படை முகாமின் வாசலில் குழந்தைகளோடு படுத்துக் கிடந்து தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினார்கள். வீட்டுக்குப் போவதும் பயணம்தான் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆண்டின் மிக நீண்ட பயணம் அதுதான்.

2018 அக்டோபரில் லோன்லி பிளானட், 2019இல் பார்க்க வேண்டிய நாடுகளில் முதலிடத்தை இலங்கைக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு வருகை 23 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆறு மாதத்தில் ஈஸ்டர். 2018இல் சுமார் 438 கோடி டாலராக இருந்த சுற்றுலா வருமானம் 2019இல் சுமார் 360 கோடியானது. ஆகஸ்டிலிருந்து 48 நாட்டவருக்கு இலவச விசா கொடுத்தார்கள். டிசம்பரில் 2 லட்சத்து 41 ஆயிரத்துக்கு மேல் வந்துவிட்டார்கள். முந்தைய டிசம்பரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. எட்டு மாதத்தில் பயணி திரும்பிவிட்டார். ஒரே ஒரு தாக்குதலின் நினைவு பயணியிடம் சில மாதம் நிற்கும், தொடர்ந்து நடக்கும் போரின் நினைவு பல்லாண்டு நிற்கும் என்பது அந்தத் துறையினருக்குத் தெரிந்த கணக்கு. நானும் அந்தக் கணக்கை மீறவில்லை. 2020 ஜனவரியில் போனேன்.

விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் முதல் இரவு நீர்கொழும்பில். மூன்று அறைகளை வாடகைக்கு விடும் ஒரு வீடு. அந்தக் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் வயதான பெண்கள் இன்னும் தமிழ் பேசுவார்கள், பிள்ளைகள் சிங்களம். அந்த அக்கா இரண்டையும் கலந்து பேசினார். கணவர் இத்தாலியில். முன்பதிவுத் தளத்தில் கணவரின் பெயரும் படமும்தான் இருந்தன. ஆறு வருடமாகப் போர்வை துவைப்பதும் இடியாப்பம் அவிப்பதும் விமான நேரத்துக்கு ஆட்டோ சொல்வதும் நள்ளிரவில் கதவு திறப்பதும் அக்கா.

குண்டு வெடித்த அன்று அவர் கட்டுவப்பிட்டிக்குப் போகவில்லை, வேறு கோயிலுக்குப் போயிருந்தார். சொந்தத்தில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து தொலைபேசியைத் திறந்தால், வரிசையாக ரத்துச் செய்திகள். "செத்த வீட்டுல நிண்டு ஒவ்வொருத்தருக்கும் ஓகே, ஓகேன்னு பதில் போட்டன் மிஸ்" என்றார். ஒத்தாசைக்கு வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்தினார். வளையலை அடகு வைத்தார். சுற்றுலாத் தொழிலுக்கு அரசு கடன் தவணையைத் தள்ளிவைத்தது உண்மை. அது சுற்றுலா அதிகாரசபையில் பதிவு செய்த நிறுவனங்களுக்கு. இவருடைய மூன்று அறைகள் எதிலும் பதிவாகவில்லை. நகைக்கடை அடகுச் சீட்டுக்கு யாரும் தவணை தள்ளிக்கொடுக்கவில்லை.

உலக அளவில் சுற்றுலாத் துறை ஊழியர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்று ஐ.நா. சுற்றுலா அமைப்பு சொல்கிறது. இலங்கையில் பத்து சதவீதம் போல என்கிறார்கள். ஹோட்டல் வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கிடைக்கிற பெயர் ஒரு காரணம், இரவு வேலை இன்னொரு காரணம். ஆனால் பதிவேட்டில் இல்லாத அக்காக்களைச் சேர்த்தால் அந்தப் பத்து எத்தனை ஆகும்? விளம்பரத்தில் மட்டும் பெண்ணுக்குக் குறைவே இல்லை. மயில் நிறச் சேலையில் விமானப் பணிப்பெண், கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் மலையகத் தமிழ்ப் பெண். அந்தச் சிரிப்பு உலகம் சுற்றிய 2019 ஜனவரியில் அவளுடைய அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய் என்று ஒப்பந்தமானது. அவள் கேட்டது ஆயிரம்.

மறுநாள் உதயதேவியில் மட்டக்களப்பு. அங்கிருந்து காத்தான்குடி ஆறேழு கிலோமீட்டர். சாலை நடுவில் பேரீச்ச மரங்கள் நிற்கும் ஊர். ராத்தா வாசலிலேயே நின்றார். ஏன் மே மாதம் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவருடைய மாமாவும் மாமாவின் மகனும் 1990இல் பள்ளிவாசலில் சுடப்பட்டவர்கள். அவர் ஜனாஸாக்களை எண்ணியவர். இருபத்தொன்பது வருடம் கழித்து இன்னொரு கூட்டம் மனிதர்களைக் கோயிலில் கொன்றபோது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவராக அவரையே நிறுத்தினார்கள். ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் உடைகளுக்குத் தடை. ராத்தா முகம் மூடுகிறவர் இல்லை. அபாயாவும் தலையில் துணியும்தான். ஆனால் தடை எதற்கு என்று படித்துப் பார்த்து யாரும் தடுப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து போனாள். ஆஸ்பத்திரி வாசலில் தலைத்துணியைக் கழற்றச் சொன்னார்கள். மே நடுவில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. கப்பல் சுக்கான் படம் போட்ட உடையை, தர்மசக்கரம் என்று சொல்லி, அதை அணிந்திருந்த ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். மே கடைசியில், அரசு அலுவலகங்களில் பெண் ஊழியர்கள் சேலை அல்லது ஒசரி அணிய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை; காரணம், பாதுகாப்பு. எதிர்ப்பு வந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். குண்டு வைத்தவர்கள் எல்லாரும் காற்சட்டை போட்ட ஆண்களாக நடந்துவந்ததைக் கண்காணிப்புக் கேமராக்கள் காட்டியிருந்தன. எந்தச் சுற்றறிக்கையும் காற்சட்டையைத் தொடவில்லை.

ராத்தா ஆசிரியை. மட்டக்களப்பு நகரத்தில் இருந்த நூலகத்துக்கு வாரம் ஒருமுறை பஸ்ஸில் போய் வருவது அவருடைய இருபது வருடப் பழக்கம். ஏப்ரலில் நின்றது. முகத்தடை ஆகஸ்டில் அவசரகாலச் சட்டத்தோடு முடிந்தது, ஆனால் அவர் பஸ் ஏறவில்லை. கட்டாயம் போக வேண்டியிருந்தால் தம்பியின் ஆட்டோ. பஸ்ஸுக்கு முப்பது ரூபாய் போதும். ஆட்டோவுக்கு முந்நூறு, தம்பிக்கு நேரம் இருந்தால். 'அவசியமான வேலையெண்டாத்தான் கேப்பன்' என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் தலைகுனிந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பயணங்கள் நின்றதை எங்கே எழுதியிருக்கிறார்கள்? சுற்றுலாத் துறை என்னை எண்ணியது. மே மாதம் இல்லை என்று எண்ணியது, ஜனவரியில் இருக்கிறேன் என்று எண்ணியது. 2020 ஜனவரி வருகையான 2,28,434இல் நான் ஒன்று. என் பயத்துக்கு மதிப்பு இருந்தது. அதைப் போக்க அமைச்சர்கள் நாடு நாடாகப் போனார்கள், விசாவை இலவசமாக்கினார்கள். ஆறு கிலோமீட்டர் பஸ் பயணத்தை விட்டவரின் பயத்தைப் போக்க யாரும் எங்கும் போகவில்லை. அவர் வந்துபோகிறவர் இல்லை, அங்கேயே இருக்கிறவர்.

கிளம்புவதற்கு முந்தின இரவு, தூத்துக்குடிக்கு ஒருமுறை வாருங்கள் என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். ராத்தா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். கடவுச்சீட்டு, அதற்குள் மடித்த ஒரு தாள். இந்திய விசாவின் அச்சுப்படி. 2019 ஏப்ரலில் எடுத்தது. அவருடைய உம்மா மௌத்தாகும் முன் நாகூருக்கு ஒரு நேர்ச்சை வைத்திருந்தாராம். அதை முடிக்க மே மாதம் எங்கள் கூட்டம் ஆன கையோடு என்னோடேயே சென்னைக்கு வந்து, அங்கிருந்து நாகூர் போகலாம் என்று நினைத்திருக்கிறார். எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது, ஆச்சரியப்படுத்த.

"பொறகு ஏன் வரல்ல ராத்தா?"

"காத்தான்குடியெண்டு பாஸ்போட்டுல எழுதியிருக்கே. உங்கட எயார்போட்டுல என்னத்தக் கேப்பாங்களோ. உங்களுக்கும் கரைச்சல்."

விசா காலாவதியாகியிருந்தது. அவர் தாளை மறுபடி அதே மடிப்பில் மடித்தார். நான் என் டிக்கெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"தேத்தண்ணி ஆறுது. குடிங்க தங்கச்சி" என்றார்.